சாப்பாட்டு வண்டிப் புராணம் - 6: பூஸ்ட் குடிக்க மறுத்த வண்டி

போன பகுதியில பின்பக்க வைப்பர் மோட்டாரோட மல்லுக்கட்டினதோட நிறுத்தியிருந்தேன். அதுக்கப்புறம் ஒன்றரை மாசமா இந்தப் பக்கமே தலை காட்டல. ஆய்வேட்டு ஆணி ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம் நம்ம வண்டி. இந்த வாட்டி கொஞ்சம் சீரியஸான மேட்டர், அதனால பதிவும் கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்திச் சுருள். நாங்க நாலு பேர், ஸ்வீடன்ல ட்ரொல்ஹெட்டன்னு ஒரு ஊர்ல மாஸ்டர்ஸ் படிக்கிறோம். சாப் கார் தயாரான ஊரே இதுதான். கம்பெனி 2011 டிசம்பர்ல திவாலாயிடுச்சு, ஆனா தெருவுக்கு நாலு வண்டி இன்னும் நிக்குது. ஆளுக்கு 4,000 க்ரோனர் போட்டு 16,000-க்கு ஒண்ணு வாங்கினோம். சாப் 9-5, 2003 மாடல், 2.3 லிட்டர் பெட்ரோல், டர்போ, 185 குதிரை. இந்த வண்டி ஃபாக்டரிய விட்டு வெளிய வந்தப்போ எனக்கு ரெண்டு வயசு. 'சாப்'ங்கற பேரைக் கேட்டதும் மதுரைக்காரன் 'சாப்பாட்டு வண்டி'ன்னு பேர் வெச்சான், அதுவே நிலைச்சுப் போச்சு.

விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் வடக்க இருந்து ஊருக்குத் திரும்பிட்டு இருந்தோம். நான்தான் ஓட்டினேன். இங்க 2+1 ரோடுன்னு ஒரு வகை உண்டு. மொத்தம் மூணு லேன், நடுவுல இரும்புக் கயிறு கட்டியிருப்பாங்க. கொஞ்ச தூரம் நமக்கு ரெண்டு லேன், அப்புறம் எதிர்ல வர்றவனுக்கு ரெண்டு லேன்னு மாத்தி மாத்தி வரும். முந்தணும்னா அந்த ரெண்டு லேன் இருக்குற தூரத்துக்குள்ள முந்திடணும். முன்னாடி ஒரு மரம் ஏத்துற லாரி. இந்த ஊர் லாரிங்க ட்ரெய்லரோட 24, 25 மீட்டர் நீளம் இருக்கும். 80-ல போய்ட்டு இருக்கான். லேன் ரெண்டாச்சு, நாலாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரைத் தரையோட அழுத்தினேன்.

வண்டி போகல. சத்தம் வருது, ஊசி ஏறுது, ஆனா வண்டி இழுக்கல. மூட்டை தூக்கின கழுதை மாதிரி ஏத்தத்துல மெதுவா ஊர்ந்துச்சு. பாதி லாரி தாண்டியிருப்பேன், லேன் முடியப்போற போர்டு வந்துடுச்சு. இடப்பக்கம் இரும்புக் கயிறு, வலப்பக்கம் லாரியோட சக்கரம். பின்னாடி ஒருத்தன் லைட் அடிக்கிறான். பிரேக் அடிச்சு, லாரிக்குப் பின்னாடியே போய்ச் செருகிக்கிட்டேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் வண்டிக்குள்ள யாரும் பேசல. பாட்டைக்கூட யாரோ ஆஃப் பண்ணிட்டாங்க.

அடுத்த வாரம் நான் செஞ்சதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல்ல மாஸ்டர்ஸ் படிக்கிறவன். கம்ப்ரஸர் மேப்பைப் பார்த்து எஃபிஷியன்ஸி சொல்லச் சொன்னா சொல்லுவேன். அப்பா நாமக்கல்ல முப்பது வருஷம் லாரி வொர்க்‌ஷாப் வெச்சிருந்தவர். இவ்வளவு இருந்தும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? யூட்யூப்ல நாலு வீடியோ பார்த்துட்டு பார்ட்ஸ் ஆர்டர் போட்டேன். ஸ்பார்க் ப்ளக் 400. சாப்ல நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பெட்டியா இக்னிஷன் காசெட்னு ஒண்ணு வரும், அது பழசு ஒண்ணு 1,300. உள்ள போற காத்தை அளக்குற சென்சார், அதுவும் பழசு, 900. ஆக மொத்தம் 2,600 க்ரோனர். மூணையும் மாட்டியாச்சு. வண்டி அப்படியே இருந்துச்சு. அவ்வ்வ்வ்...

அப்புறம்தான் ஒரு கராஜ்ல காட்டினோம். அவர் டர்போவுக்குப் போற ரப்பர் பைப்பைக் கழட்டினார், உள்ள விரலை விட்டார், விரல்ல ஒட்டின எண்ணெயை எங்ககிட்டக் காட்டினார். "டர்போ முடிஞ்சுது. ரீகண்டிஷன் பண்ணது ஒண்ணு போடலாம், கூலியோட 11,500." நம்ம ஊர்க் காசுல கிட்டத்தட்ட ஒரு லட்சம். 16,000-க்கு வாங்கின வண்டிக்கு! அன்னிக்கு ராத்திரி கிச்சன்ல வட்டமேசை மாநாடு. வித்துடலாம்னு கடலூர்க்காரன், அப்படியே மெதுவா ஓட்டலாம்னு மதுரைக்காரன். தெலுங்கு நண்பன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்: "நாம வித்து, வாங்கினவன் அதே மாதிரி ஒரு லாரியை முந்தப் போனா?" யாரும் பதில் சொல்லல.

வேற வழியில்லாம அப்பாவுக்குப் போன் போட்டேன். இதுக்கு முன்னாடி ஏன் போடலன்னு கேப்பீங்க. 2020-ல பி.எஸ்.6 லாரிங்க வந்ததும், லேப்டாப் இல்லாத வொர்க்‌ஷாப்புக்கு வேலை குறைஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சார், அப்புறம் கடையை மூடிட்டார். அதுலேர்ந்து எங்க வீட்ல வண்டிப் பேச்சே எடுக்குறதில்ல. நானும் எடுக்கல.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் ஆரம்பிச்சார்.

"சத்தம் மாறுச்சா கண்ணு? சைரன் மாதிரி கத்துதா?"

"இல்லீங்கப்பா."

"பொகை? நீலமா வருதா, கருப்பா வருதா?"

"ரெண்டும் இல்லீங்கப்பா."

"ஆயில் கொறையுதா?"

"ரெண்டு மாசமா அதே அளவுதான் இருக்குதுங்க."

"அப்பறம் டர்போ போச்சுன்னு எந்த மகராசன் சொன்னான்?"

டர்போன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. இஞ்சின்ல இருந்து வீணாப் போற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டோட இன்னொரு முனையில இருக்குற சக்கரம் வெளிக்காத்தை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து அதிகம்னா பெட்ரோலும் அதிகமா எரிக்கலாம், இழுவை கூடும். அப்படி அமுக்கின அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட்னு பேரு (சச்சின் குடிச்ச பூஸ்ட் வேற). அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், அதுவும் ஒரு மெல்லிசான எண்ணெய்ப் படலத்து மேல மிதந்துக்கிட்டே. அதனால அது நிஜமாவே கெட்டுச்சுன்னா அமைதியா கெடாது. கத்தும், இல்ல எண்ணெயைக் குடிச்சு நீலப் புகையா விடும். பைப்ல லேசா எண்ணெய் ஒட்டியிருக்குறது பழைய இஞ்சின்ல சகஜம். இஞ்சின் அடிப்பாகத்துல இருந்து வர்ற ஆவி அந்தப் பைப்புலதான் வந்து சேருது.

அப்பா சொன்னபடி, இஞ்சின் நல்லா ஆறினதுக்கப்புறம் பைப்பைக் கழட்டி அந்தச் சக்கரத்தோட மூக்கைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டுல மயிரிழை அசைவு இருந்தது, அது இருக்கலாம். முன்னும் பின்னும் அசையவே இல்ல. இறக்கைங்க சுவத்துல உரசின தடம் இல்ல. விரலால சுத்திவிட்டா வழுக்கிக்கிட்டு சுத்துது. 11,500 க்ரோனர் மிச்சம்! ஆனா வியாதி என்னன்னு இன்னும் தெரியல.

அடுத்து 150 க்ரோனருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர். வண்டியில சொருகினா போன்ல எண்ணெல்லாம் வரும். வந்த தப்புக்குறி பி0171. காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். இதைப் பார்த்ததும் பெட்ரோல் பம்ப்பை மாத்துறவங்கதான் அதிகம் (நானும் ஆர்டர் போடப் போனேன், ஹி ஹி). ஆனா பக்கத்துலயே ஃப்யூயல் ட்ரிம்னு இன்னொரு எண் இருக்கு. கணக்குப்படி ஊத்த வேண்டிய பெட்ரோலை விட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைச்சோ இஞ்சின் கம்ப்யூட்டர் ஊத்துதுன்னு அது சொல்லும். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

காத்து வர்ற வழியை மனசுல ஓட்டிக்கங்க. ஃபில்டர், காத்து அளக்குற சென்சார், டர்போ, இன்டர்கூலர், த்ராட்டில், மேனிஃபோல்ட், இஞ்சின். சென்சாரைத் தாண்டி வழியில எங்க ஓட்டை விழுந்தாலும் கணக்கு தப்பும். ஆனா எங்க விழுந்திருக்குன்னு பொறுத்து வண்டி அழுவுற நேரம் மாறும். த்ராட்டிலுக்குப் பின்னாடி ஓட்டைன்னா, ஐடிலிங்ல அங்க உறிஞ்சுற வெற்றிடம் இருக்கறதால கணக்குல வராத காத்து திருட்டுத்தனமா உள்ள நுழையும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், எண் ப்ளஸ்ல போகும். இஞ்சினை வேகமாச் சுத்தவிட்டா நல்ல வழியா வர்ற காத்து பெருகிடும், திருட்டுக் காத்தோட பங்கு சின்னதாயிடும், எண்ணும் இறங்கும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல ஓட்டைன்னா கதையே தலைகீழ். ஐடிலிங்ல ஒண்ணும் தெரியாது. அழுத்தம் ஏறும்போது, சென்சார்ல அளந்து பேரெழுதின காத்து வழியிலயே வெளிய போயிடும். அது இஞ்சினுக்குள்ள வந்துச்சுன்னு நம்பி பெட்ரோல் ஊத்தினா கருப்புப் புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், எண் மைனஸ் பக்கம் சாயும். சென்சாருக்கும் டர்போ வாய்க்கும் நடுவுல ஓட்டைன்னா, வேகம் கூடினாலும் ப்ளஸ் இறங்கவே இறங்காது. டர்போ உறிஞ்ச உறிஞ்ச திருட்டுக் காத்தும் கூடவே வந்துட்டு இருக்கும்.

நம்ம வண்டி? ஐடிலிங்ல ப்ளஸ் 17. 2,500 சுத்துல ப்ளஸ் 5. ஆக, த்ராட்டிலுக்குப் பின்னாடி! ராத்திரி பதினொரு மணிக்கு பார்க்கிங்ல பானட்டைத் தூக்கிவெச்சு, போன் வெளிச்சத்துல தேடினேன். மேனிஃபோல்டுக்கு அடியில சுண்டுவிரல் தடிமன்ல ஒரு ரப்பர் ட்யூப். தொட்டதும் அப்பளம் மாதிரி ஒடிஞ்சுது. இருபது வருஷக் குளிரும் இஞ்சின் சூடும் மாறி மாறிப் பட்டா ரப்பர் என்ன பண்ணும் பாவம். ஒரு மீட்டர் சிலிக்கான் ட்யூப் 80 க்ரோனர். மாத்தினேன். ஐடிலிங் பட்டு மாதிரி ஆச்சு, எண் ப்ளஸ் 3-க்கு வந்துச்சு, தப்புக்குறி திரும்ப வரல. மூணு வாரத்துல முதல் தடவையா பிரியாணி செஞ்சு கொண்டாடினோம்.

மறுநாள் ஏத்தத்துல அழுத்திப் பார்த்தா... அதே கழுதை.

அங்கதான் எனக்கு நிஜமாவே வெறுத்துப் போச்சு. கண்டுபிடிச்ச தப்பு உண்மையான தப்புதான். ஆனா நாம தேடின தப்பு அது இல்ல. பழைய வண்டியில ரெண்டு வியாதி ஒரே நேரத்துல இருக்கலாம்ங்கறது எனக்குத் தோணவே இல்ல.

பெரிய பைப்ல எங்கயாவது கசியுதான்னு பார்க்க பஞ்சர் கடை வைத்தியத்தை எடுத்தோம். நம்ம ஊர்ல ட்யூபைத் தண்ணித் தொட்டியில முக்கி குமிழி பார்ப்பாங்கல்ல, அதேதான். ஒரு பி.வி.சி. மூடியில ஓட்டை போட்டு, டயர் வால்வு ஒண்ணை மாட்டி, டர்போ வாய்க்குப் போற பைப்ல சொருகி க்ளாம்ப் போட்டு இறுக்கினேன். கடலூர்க்காரன் சைக்கிள் பம்ப் அடிச்சான், மதுரைக்காரன் எல்லா இணைப்புலயும் சோப்புத் தண்ணி தெளிச்சான். முயற்சி பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அரை பாருக்கு மேல போகாதீங்க, இஞ்சின் அடிப்பாகத்துக்குப் போற ட்யூபை முதல்ல அடைச்சுடுங்க. இல்லன்னா அழுத்தம் ஆயில் சீல் மேல ஏறும், அப்புறம் நிஜமாவே செலவு வரும். ஒரு க்ளாம்ப்ல மட்டும் ரெண்டு குமிழி வந்துச்சு. இறுக்கினதும் நின்னு போச்சு. இவ்வளவு பெரிய இழுவை அந்த ரெண்டு குமிழியில போயிருக்க முடியாது.

அப்புறம்தான் செய்ய வேண்டிய முதல் வேலையைக் கடைசியாச் செஞ்சேன். அழுத்தத்தை அளந்தேன். 200 க்ரோனருக்கு ஒரு பிரஷர் கேஜ், மேனிஃபோல்ட்ல இருந்து நீள ட்யூப், பானட் இடுக்கு வழியா இழுத்து ஜன்னல் வழியா உள்ள. ஞாயித்துக்கெழம காலையில ஈ காக்கா இல்லாத ஒரு ஏத்தம். மூணாவது கியர், 2,000 சுத்துல இருந்து முழுசா அழுத்தினேன். பக்கத்துல மதுரைக்காரன் கேஜை மடியில வெச்சுக்கிட்டு கிரிக்கெட் கமெண்ட்ரி கொடுத்தான்: "பாயிண்ட் நாலு... பாயிண்ட் நாலு... மாப்ள, இன்னும் பாயிண்ட் நாலுதாண்டா!" 2,500-லயும் 0.4 பார், 4,500-லயும் 0.4. ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஏன்னா 0.4 ஒரு சும்மா எண் இல்ல. டர்போ பக்கத்துல வேஸ்ட்கேட்னு ஒரு கதவு இருக்கு. அழுத்தம் அளவுக்கு மீறினா அது திறந்து, புகையைச் சக்கரத்துல படாம வேற வழியா விட்டுடும். அந்தக் கதவை மூடி வெச்சிருக்குற ஸ்ப்ரிங், இந்த வண்டியில சுமார் 0.4 பார்ல விட்டுக் கொடுத்துடும். அதுக்கு மேல வேணும்னா, கதவுக்குப் போற அழுத்தத்துல ஒரு பகுதியைத் திருப்பிவிட ஒரு சோலினாய்ட் வால்வு வேலை செய்யணும். அதுல மூணு வாய், மூணு சின்ன ட்யூப், மேல சி, டபிள்யூ, ஆர்னு எழுத்து இருக்கும். ஒண்ணு டர்போவுல இருந்து வர்றது, ஒண்ணு வேஸ்ட்கேட்டுக்குப் போறது, ஒண்ணு திரும்பிப் போறது. அந்த வால்வை ஆட்டுறது இஞ்சின் கம்ப்யூட்டர்.

அதாவது மக்கா, கசிவா இருந்தா எண் தடுமாறும், ஏற வேண்டிய இடத்துல ஏறாம தொங்கும். 0.4-ல அழகா நிக்குதுன்னா டர்போ ஆரோக்கியமா இருக்கு, பைப் ஆரோக்கியமா இருக்கு, கதவும் ஸ்ப்ரிங்கும் சொன்னபடி கேக்குது. மேல கொடுக்கச் சொல்லி யாரும் கேக்கலைங்கறதுதான் பிரச்சினை. எதுவோ உடைஞ்சதால வண்டி இழுக்காம இல்ல. வண்டியே 'போதும்'னு முடிவு பண்ணியிருக்கு.

இந்தக் கம்பெனிக்கு இது ஒண்ணும் புதுசில்ல. 1977-ல ஃப்ராங்க்ஃபர்ட்ல 99 டர்போவை அவங்க காட்டினப்போ, டர்போன்னா பந்தயக் கார்ங்கற நினைப்பு ஊர் உலகத்துக்கு இருந்துச்சு. பெர் கில்பிராண்ட்னு ஒரு பொறியாளர். அவரும் அவர் குழுவும் சின்ன டர்போவையும் வேஸ்ட்கேட்டையும் சேர்த்து, தினசரி ஓட்டுற வேகத்துலயே இழுவை கிடைக்கிற மாதிரி செஞ்சாங்க. அப்புறம் வந்த ட்ரையானிக் கம்ப்யூட்டர் இன்னும் ஒரு படி மேல. ஸ்பார்க் ப்ளக் வழியாவே ஒவ்வொரு எரிதலையும் கவனிச்சு, இஞ்சின் தட்டுதான்னு கண்டுபிடிக்கும். சந்தேகம் வந்தா பூஸ்டைக் குறைச்சுடும். ரொம்பக் கவனமான வண்டி. கவனமான ஆளுங்ககிட்ட இருக்குற தொல்லை தெரியும்ல, ஏன் முடியாதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க.

வால்வைச் சோதிச்சேன். மூணு ட்யூபும் சரியான வாயில இருக்கு, எங்கயும் வெடிப்பு இல்ல. பேட்டரி கரண்ட் கொடுத்தா டிக் டிக்னு அடிக்குது. அப்போ கம்ப்யூட்டர்தான் கட்டளை கொடுக்கல. ஆனா என் 150 க்ரோனர் ஸ்கேனர்ல ஒரு தப்புக்குறியும் காணோம். அது பொதுவான குறிகளை மட்டும்தான் படிக்கும், கம்பெனியோட சொந்தக் குறிகளைப் படிக்காது.

திரும்ப அப்பா. இந்த தடவை வீடியோ கால். கேஜ், வால்வு, எல்லாத்தையும் காட்டினேன். கம்ப்யூட்டர்னு சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கினது தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்:

"அந்த வண்டில வேற என்னென்ன வேலை செய்யல? சின்னது பெருசுன்னு பாக்காத. எல்லாத்தையும் சொல்லு."

எதுக்குன்னு புரியாமலே அடுக்கினேன். பின் வைப்பர். இடப்பக்கப் பின் ஜன்னல். டேஷ்போர்டு டிஸ்ப்ளேல பாதி எழுத்து தெரியாது. டிரைவர் சீட் ஹீட்டர். அப்புறம் க்ரூஸ் கண்ட்ரோல், அது வாங்கின நாள்லேர்ந்தே இல்ல.

"அதென்ன க்ரூஸு?"

"ஆக்சிலரேட்டர்ல கால் வெக்காமலே ஒரே வேகத்துல போகுங்கப்பா. பிரேக்கைத் தொட்டா கட் ஆயிடும்."

"தொட்டா கட் ஆயிடுமா?"

"ஆமாங்கப்பா."

"தொட்டாங்கன்னு வண்டிக்கு எப்படிடா தெரியும்?"

நான் பதில் சொல்லல. போனை அப்படியே சீட்டுல போட்டுட்டு டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டேன். பிரேக் பெடலுக்கு மேல, பெடல் அசையறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற ஒரு சின்ன சுவிட்ச். பின்னாடி எரியற சிவப்பு லைட்டுக்கான இணைப்பு வேற, கம்ப்யூட்டருக்கான இணைப்பு வேற. அதனாலதான் லைட் ஒழுங்கா எரிஞ்சுது, எங்களுக்கும் சந்தேகமே வரல. மல்டிமீட்டரை வெச்சேன். பெடலை அழுத்தினா ஒரு நிலை, விட்டா இன்னொரு நிலை காட்டணும். அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். மீட்டர் அசையவே இல்ல.

பாவம் அந்தக் கம்ப்யூட்டர்! அதைப் பொறுத்தவரைக்கும், நாங்க வாங்கின நாள்லேர்ந்து யாரோ ஒருத்தன் பிரேக்ல கால வெச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டரை மிதிச்சிட்டு இருந்திருக்கான். நிக்கணும்னு சொல்றவனுக்குக் கூடுதல் பூஸ்ட் எதுக்கு? ஸ்ப்ரிங் கொடுக்குற 0.4 போதும்னு நிறுத்தி வெச்சிருச்சு. க்ரூஸையும் மறுத்துச்சு. அந்த லாரி பக்கத்துல நான் தரையோட அழுத்தினப்பவும் அது அதையேதான் செஞ்சிருக்கு.

ஏன் அவ்வளவு நாள் தெரியலன்னா, வாங்கினதுலேர்ந்தே அப்படித்தான். இந்த வண்டியோட உண்மையான இழுவையை நாங்க பார்த்ததே இல்ல. நாலு பேரை ஏத்திக்கிட்டு ஏத்தத்துல லாரியை முந்துற வரைக்கும் கேள்வியே வரல. ஓட்டிப் பார்த்து வாங்கினோம்னு நினைச்சோம். ஊருக்குள்ள 50-ல ஓட்டிப் பார்த்தா என்ன தெரியும்?

புது சுவிட்ச் 220 க்ரோனர். மாட்டப் பத்து நிமிஷம், அதுல எட்டு நிமிஷம் தலைகீழாத் தொங்கினது. அதே ஏத்தம், அதே மூணாவது கியர், மடியில அதே கேஜ். மதுரைக்காரன் "பாயிண்ட் நாலு"ன்னு ஆரம்பிச்சான், "அஞ்சு, ஆறு..."ன்னு கத்தினான், அப்புறம் சீட்டோட ஒட்டிக்கிட்டு எண் சொல்றதையே விட்டுட்டான். க்ரூஸ் கண்ட்ரோலும் பிடிச்சுது. திரும்பி வரும்போது லாரி ஒண்ணும் முன்னாடி வரல. வந்திருந்தாலும் அன்னிக்கு முந்தியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு அந்தப் பழைய சுவிட்சை போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல போன்.

"அதைத் தூக்கிக் கீது போட்டுறாத கண்ணு. வரும்போது எடுத்துட்டு வா. பிரிச்சுப் பாக்கோணும்."

டிஸ்கி: ஒரிஜினல் சாப் 9-5 இக்னிஷன் காசெட் ஒண்ணு, காத்து அளக்குற சென்சார் ஒண்ணு, நல்ல நிலையில என் கட்டிலுக்கு அடியில தூங்குது. மேற்கு ஸ்வீடன் பக்கம் யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல ஒரு குரல் கொடுங்க. பதிவர்களுக்குச் சலுகை விலை :-)